தெற்கே எழுந்த சூரியன்

விதி ஏழு, பிரிவு ஆ: 'படத்துக்குள் மனிதரோ, மனிதர் கையால் சேர்க்கப்பட்ட எந்தப் பொருளோ தென்படக் கூடாது. தென்பட்டால் படம் நீக்கப்படும்.'

எங்கள் பகுதி நூலகம் ஆண்டுதோறும் நடத்தும் குளிர்கால நிலக்காட்சிக் கண்காட்சியின் விதி இது. எங்கள் குழுவுக்காக இதைத் தமிழில் மொழிபெயர்த்தவன் நான்தான். அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, ஆளுக்கொன்று கையில் கொடுத்து, வாசித்துக் காட்டி, விளங்கியதா என்று கேட்டு, கையெழுத்தும் வாங்கினேன். (கையெழுத்து வைக்க மறுத்த ஒரே ஆள் என் மனைவி இந்திராணி. கலியாணப் பதிவில் ஒன்று வைத்ததே போதும், அதன் பலனையே இன்னும் அனுபவித்து முடியவில்லை என்றார்.)

இத்தனை செய்த மனிதன்தான் அந்த விதியை அந்தக் கண்காட்சியின் வரலாற்றிலேயே மிக முழுமையாக மீறினான்.

குழு என்று சொன்னால் பெரிதாக நினைக்க வேண்டாம். மெல்பேர்ணில், டண்டினொங் பக்கம் வாழும் நாங்கள் நாலு பேர். நான் அரசுத் திணைக்களமொன்றில் நடைமுறைக் கையேடுகள் எழுதி ஓய்வு பெற்றவன். இந்திராணி எனக்காக வருபவர் என்று நானும், சாப்பாட்டுக்காக நான் தன்னைக் கூட்டிப்போவதாக அவரும் நம்புகிறோம். மூன்றாவது ஆள் மகேஸ்வரி ரீச்சர். யாழ்ப்பாணத்தில் புவியியல் படிப்பித்தவர். நான்காவது வெங்கடேசன். தமிழ்நாட்டுக்காரர், கணினி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எங்களில் பெரிய கார் வைத்திருப்பவரும் அவர்தான். ஆகவே அவருடைய கலை ஆற்றலைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை.

குளிர்காலத்தில் நாங்கள் போவது நகரத்துக்குக் கிழக்கே உள்ள ஒரு மேட்டு நிலத்துக்கு. மரங்கள் வளர்ந்து பார்த்துவிட்டு, சரிவராது என்று கைவிட்ட இடம். கண்ணுக்கெட்டிய தூரம் முழங்கால் உயரப் புதர், ஊறிய பாசி, காய்ந்த புல். இங்கே குளிர்காலமான ஆடி மாதத்தில் அதன்மேல் பனி. காற்று, காதுக்குள் போய் மறு காதால் வராமல் உள்ளேயே தங்கிவிடும். நிலக்காட்சிப் படம் எடுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஏனென்றால் அங்கே வேறு எதுவும் கிடையாது.

எனக்கு அந்தக் கண்காட்சிச் சுவரில் ஒரு படம் தொங்க வேண்டும் என்று ஆசை. ஆசை என்று மரியாதையாகச் சொல்கிறேன், வெறி. படத்தைவிட, அதன் கீழே ஒட்டும் சிறிய அட்டைதான் எனக்கு முக்கியம். அதில் எடுத்தவரின் பெயர் அச்சிட்டிருக்கும். வேலையில் இருந்தபோது என் பெயர் ஆயிரம் கடிதங்களின் அடியில் அச்சானது. ஓய்வு பெற்ற பிறகு நான் நிலானியின் அப்பா, இந்திராணி அன்ரியின் அங்கிள். என் முழுப்பெயர் அச்சாவது இப்போதெல்லாம் மருந்துப் போத்தலில் மட்டும்தான். அதிலும் கீழே 'சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதியிருக்கும்.

இரண்டு முறை விண்ணப்பித்தேன். இரண்டு முறையும் விதி ஏழு, பிரிவு ஆ என்று பதில் வந்தது. முதல் முறை, பனிமூட்டத்தின் ஓரத்தில் ரீச்சரின் குடை. இரண்டாம் முறை, வானமும் மேடும் சேரும் அருமையான கோட்டில், வலது மூலையிலிருந்து ஒரு கை நீண்டு வந்தது. அந்தக் கையில் ஒரு கட்லட். இந்திராணியின் கை. நான் பசியோடு நிற்கிறேனே என்று நீட்டினாராம்.

இதில் தனிமனிதர்களைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஆட்களுக்கு நிலக்காட்சி என்பது நமக்குப் பின்னால் நிற்க வேண்டிய ஒரு சாமான். நயாகராவானாலும் நாம் முன்னால் நிற்காவிட்டால் அது வீண் தண்ணீர்.

"அண்ணை, ஆளில்லாத படத்தை ஆர் பாக்கிறது?" என்று ரீச்சர் என்னிடம் கேட்டார். "சனம் வராத செத்தவீடு மாதிரி இருக்கும்."

மூன்றாம் ஆண்டு நான் முழு ஆயத்தத்தோடு இறங்கினேன். மகள் நிலானி என் பிறந்தநாளுக்கு ஒரு லென்ஸ் வாங்கித் தந்தாள். அகலக் கோணம். அரை மேட்டு நிலத்தை ஒரே படத்தில் அள்ளிவிடும். வெள்ளிக்கிழமை மாலை, மறுநாள் பயணத்துக்காக அதைக் கமராவில் பூட்டி மேசையில் வைத்துவிட்டு, லென்ஸுடன் வந்த உத்தரவாதப் பத்திரத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். (உத்தரவாதப் பத்திரத்தைக் கடைசிவரை வாசிக்கும் மனிதர்கள் உலகில் இருக்கிறோம். எங்களுக்கென்று ஒரு சங்கம்தான் இல்லை.)

எங்கள் வீட்டில் புதிதாக ஒன்று வந்தால் அது முதலில் சாமி அறைக்குப் போக வேண்டும். காரின் ரயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இன்றைக்கும் சந்தனத்தின் தடம் இருக்கிறது. உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்துக்கு இந்திராணி தீபமே காட்டியிருக்கிறார். ஆகவே அவர் கமராவைத் தூக்கிக்கொண்டு சாமி அறைக்குப் போனபோது நான் தலை நிமிரவில்லை.

"இஞ்சருங்கோ," என்று அங்கிருந்து குரல் வந்தது. "பொட்டு எங்க வைக்கிறது?"

உத்தரவாதப் பத்திரத்தில் நான் அப்போது 'நீர் புகுதல்' என்ற பகுதியில் இருந்தேன்.

"முன்னுக்கு வையும்," என்றேன்.

அவர் முன்னுக்கு வைத்தார்.

மறுநாள் விடியுமுன் புறப்பட்டோம். வெங்கடேசன் கார் ஓட்டினார். பக்கத்து ஆசனத்தில் நான், மடியில் கமரா. பின்னால் இரு பெண்களும், அவர்களுக்கு நடுவில் சீட்பெல்ட் போட்ட சாப்பாட்டுப் பெட்டியும். மேட்டு நிலத்தில் ஏற வேண்டுமானால், பனியில் வழுக்காமலிருக்கச் சக்கரச் சங்கிலி கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம். அதைப் பற்றி நான் வழிநெடுக விளக்கினேன்.

"சங்கிலி இருக்கு சார்," என்றார் வெங்கடேசன் மூன்றாம் முறையாக. "டிக்கில இருக்கு. நீங்கதானே நேத்து வந்து தொட்டுப் பாத்துட்டுப் போனீங்க?"

"இருக்கிறது வேற, போடத் தெரியிறது வேற," என்றேன்.

"உங்களுக்குப் போடத் தெரியுமா சார்?"

எனக்கு விதிதான் தெரியும்.

மேலே போய்ச் சேர்ந்தபோது உலகம் வெள்ளையாக இருந்தது. கீழே பனி, மேலே பனிமூட்டம், நடுவே எங்கள் மூச்சு. வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. சூரியன் என்ற ஒன்று அன்றைக்கு வேலைக்கு வந்ததற்கான எந்த அடையாளமும் இல்லை. நான் முக்காலியை நிறுத்தினேன். பிறகு அதற்குப் பின்னால், ஒரு குச்சியால், பனியில் நீளமாகக் கோடு கீறினேன்.

"இந்தக் கோட்டுக்கு அங்கால ஒருத்தரும் வரப்படாது," என்றேன். "கை வரப்படாது. குடை வரப்படாது. கட்லட் வரப்படாது."

"கலியாணம் கட்டி இவ்வளவு காலத்துக்குப் பிறகு எனக்குக் கோடு கீறுறார்," என்றார் இந்திராணி ரீச்சரிடம். "பாத்தியளே?"

"விடுங்கோ இந்திராணி. மனிசன் பனியோட குடும்பம் நடத்தட்டும்."

என் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. கையுறையோடு மூடியைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். லென்ஸின் முகப்பை ஒவ்வொரு முறையும் பார்த்துத் துடைக்க வேண்டும் என்பது குழுவின் நடைமுறைகளில் ஒன்று, எழுதியவன் நான். ஆனால் நடைமுறை எழுதுபவனுக்கு ஓர் உள்நம்பிக்கை உண்டு, எழுதிய கணத்திலேயே தான் அதைச் செய்து முடித்துவிட்டதாக. கமராவின் துளையை மிகச் சிறியதாக்கினேன். அப்படிச் செய்தால் காலடிப் புல்லும் தொலைவு மேடும் ஒன்றுபோலத் தெளிவாக விழும். முதல் படத்தை எடுத்தேன். பின்னால் இருந்த சிறு திரையைப் பார்த்தேன்.

வெள்ளை நிலம். வெள்ளை வானம். அந்த வானத்தில், மேட்டுக்குக் கொஞ்சம் மேலே, மங்கலாக, விளிம்பு கரைந்து, செவ்வண்ணமாக ஒரு சூரியன்.

"வெங்கட்! இஞ்ச வாரும்! கோட்டைத் தாண்டாமல் வாரும்!"

அவர் திரையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"சார், எனக்கு மேல ஒண்ணும் தெரியலையே."

"உம்மட கண்ணுக்குத் தெரியாது. நல்ல லென்ஸ் எண்டா கண்ணுக்குத் தெரியாததையும் பிடிக்கும்."

"அப்படியா சார்?"

"பின்ன என்னத்துக்கு இவ்வளவு பெரிய லென்ஸ்?"

இதை நான் ஒரு கணினிப் பொறியியலாளரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஓய்வு பெற்ற மனிதர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உபகாரம் அது.

பிறகு நான் நிற்கவில்லை. அந்தப் பக்கம், இந்தப் பக்கம், பாதைப் பக்கம், பள்ளத்துப் பக்கம் என்று எடுத்துத் தள்ளினேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் சூரியன் பணிவாக வந்து நின்றது. அதில் ஏதோ ஒழுங்கீனம் இருப்பதாக எனக்குப் படவே இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாக இயற்கை என்னோடு ஒத்துழைக்கிறது என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு படத்துக்கும் திசைகாட்டியைப் பார்த்துத் திசையைக் குறித்து வைத்தேன். ஆதாரம் முக்கியம் அல்லவா?

கடைசிப் படத்துக்காக ஓர் அடி பின்னால் வைத்தேன். அந்த இடத்தில் பனி மட்டும்தான் இருந்தது. கீழே நிலம் இல்லை, ஊறிய பாசிச் சேறு. வலது கால் முழங்கால்வரை போயிற்று. கமராவைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நான் மெல்ல மெல்லத் தாழ்ந்ததை, கோட்டுக்குப் பின்னால் மூவரும் நின்று பார்த்தார்கள்.

"வாருங்கோவன்! இழுங்கோவன்!" என்று கத்தினேன்.

"கோட்டைத் தாண்டலாமோ?" என்று கேட்டார் இந்திராணி.

தாண்டலாம் என்று நான் வாய்மொழி உத்தரவு கொடுத்த பிறகுதான் வந்தார்கள். வெங்கடேசன் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். கால் வந்தது. சப்பாத்து வரவில்லை. ரீச்சர் அந்தக் குழிக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுக்கச் சொன்னார். அவர் மட்டும் அல்ல, எல்லோரும் வரிசையாக நின்றார்கள், லென்ஸை நேராகப் பார்த்துச் சிரித்தபடி. நான் ஒற்றைக் காலில், மறுகாலில் சாப்பாட்டுப் பெட்டியில் பாண் வந்த பொலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு, எடுத்தேன்.

அன்றைக்கு மாலையே எல்லாப் படங்களையும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். குழிப் படத்துக்கு அறுபது இதயங்கள் வந்தன. (நாலு பேர் குழுதான், பிள்ளைகளையும் பிள்ளைகளின் மாமன் மச்சான்களையும் யார் சேர்த்தார்கள் என்று தெரியவில்லை.) நிலக்காட்சிகளுக்கு ஒரே ஒரு கட்டைவிரல். அது நான் தவறுதலாக அழுத்தியது.

அவற்றில் சிறந்ததைக் கண்காட்சிக்கு அனுப்பினேன். படிவத்தில் எல்லாக் கட்டங்களையும் நிரப்பினேன். 'மேலதிக விபரம், விரும்பினால்' என்ற கட்டத்தையும் நிரப்பினேன். விரும்பினால் என்று ஒரு கட்டம் இருந்தால் அதை வெறுமையாக விடுவது எனக்கு நித்திரையைக் கெடுக்கும். 'தெற்கு நோக்கி, காலை' என்று எழுதினேன்.

படம் தெரிவாகியது.

அந்த மின்னஞ்சலை நான் எத்தனை பேருக்கு அனுப்பினேன் என்பதை எண்ணாமல் விடுவோம். நடுவர் ஒருவர் 'தயங்கித் தயங்கி ஒளிரும் அந்தச் சூரியனில் ஒரு பிரார்த்தனையின் அமைதி இருக்கிறது' என்று குறிப்பு எழுதியிருந்தார். அதை நான் இந்திராணிக்கு வாசித்துக் காட்டியபோது அவர் படத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, "நல்லது," என்றார். பிறகு குசினிக்குள் போய்விட்டார். பெருமிதத்தை என்னிடம் காட்டிக்கொள்ளக் கூடாது என்று போகிறார் என நினைத்தேன்.

வசந்தம் தொடங்கிய ஒரு மாலை திறப்பு விழா. என் பக்கத்தில் இருந்து மட்டும் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். நூலக அலுவலர் ஹெலன், நல்ல பெண், இத்தனை பேரைக் கண்டு கூடுதல் கதிரைகள் போட்டார். யாரும் உட்காரவில்லை. எல்லோரும் வரிசையாக என் படத்துக்கு முன்னால் நின்று தங்களைப் படமெடுத்துக்கொண்டார்கள். கீழே வெள்ளை அட்டையில் என் பெயர், முழுவதுமாக. 'சாப்பாட்டுக்குப் பின்' இல்லை. நான் கொஞ்சம் தள்ளி நின்று, அதைப் பார்க்காதவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகேஸ்வரி ரீச்சர் தன் முறை வந்ததும் படத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். பிறகு ஏதோ நினைத்துத் திரும்பினார். மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டார். அட்டையை வாசித்தார்.

"அண்ணை," என்றார், வகுப்பில் கடைசி வாங்குக்கும் கேட்கும் குரலில். "ஒரு சின்னக் கேள்வி."

"கேளுங்கோ ரீச்சர்."

"தெற்கு நோக்கி எண்டு போட்டிருக்கு."

"ஓம். திசைகாட்டி வைச்சுப் பாத்துத்தான் எழுதினனான்."

"இது அவுஸ்திரேலியா எல்லோ? இந்தப் பக்கத்தில, அதுவும் குளிர்காலத்தில, சூரியன் வடக்காலதானே போகும்? தெற்கில என்னெண்டு நிக்குது?"

பத்துப் பதினைந்து பேரும் அமைதியானார்கள். எங்கள் ஆட்கள் பத்துப் பேர் ஒரே நேரத்தில் அமைதியாவது செய்தி வாசிக்கும்போதுகூட நடக்காது.

"அது... பிரதிபலிப்பு," என்றேன். "பனியில பட்டு, முகிலில தெறிச்சு..."

"எதில இருந்து பட்டு? அண்டைக்குச் சூரியனே இல்லையே."

வெங்கடேசன் உதவி செய்யும் நோக்கத்தோடு கைபேசியை எடுத்தார். "இருங்க சார், குரூப்ல எல்லாப் படமும் இருக்கு, பாத்துடலாம்." விரலால் தள்ளிக்கொண்டே போனார். "இது வடக்கு. சூரியன் இருக்கு. இது கிழக்கு. இருக்கு. இது மேற்கு. இங்கயும் இருக்கு சார்." அவருடைய குரல் மெல்ல மெல்ல இறங்கியது. "சார், இது நீங்க விழுந்தப்போ தானா எடுத்த படம்னு நினைக்கிறேன். உங்க ஷூவும் சேறும் இருக்கு." கைபேசியை என்னிடம் நீட்டினார். "ஷூ மேலயும் சூரியன் உதிச்சிருக்கு சார்."

என் மகள் நிலானி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து இந்திராணியின் குரல் வந்தது. உரக்க அல்ல, சாம்பாரில் உப்புக் குறைவு என்று சொல்வதுபோல. "அது நான் வைச்ச பொட்டெல்லோ."

எல்லோரும் திரும்பினோம்.

"எங்க வைச்சனீர்?" என்றேன்.

"நீங்கள்தானே முன்னுக்கு வைக்கச் சொன்னியள்?"

"மூடியிலை எல்லோ வைக்கோணும்!"

"மூடியிலை வைச்சால் அது மூடிக்குத்தானே பூசை? கழட்டிப்போட்டு, கண்ணாடியிலை, நெத்தி மாதிரிப் பாத்து, கொஞ்சம் மேலாலை, சந்தனம் வைச்சுக் குங்குமம் வைச்சனான். பிறகு தூசி படாமல் நானே மூடியும் விட்டனான்."

எனக்கு எல்லாம் விளங்கியது. துளையைச் சிறிதாக்கினால் தொலைவும் அண்மையும் தெளியும் என்று பெருமையாகச் சொன்னேனே, அந்தத் தெளிவில் மூக்குக்கு முன்னால் இருந்த குங்குமமும் பங்கு கேட்டிருக்கிறது. மற்றவர்களின் படங்களில் ஆட்கள் ஓரமாகத் தலை காட்டினார்கள். நான் ஆட்களையெல்லாம் கோட்டுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு படத்தின் நடுவானிலும் என் மனைவியின் மோதிர விரலை வரைந்து கொண்டுவந்திருந்தேன்.

ஆனால் அதுகூட என்னைக் கொல்லவில்லை. கொன்றது அடுத்தது.

"ஓ, அந்தப் பொட்டோ?" என்றார் ரீச்சர். "குழிக்கு முன்னால நிண்டு படம் எடுக்கேக்கை நான் கண்டனான். புதுச் சாமான், கண்ணூறு படாமல் வைச்சிருக்கினம் எண்டு நினைச்சன்."

"நானும் பாத்தேன் சார்," என்றார் வெங்கடேசன். "பூஜை போட்டிருக்கீங்க போலன்னு நெனச்சேன். கும்பிடக்கூட செஞ்சேன்."

நான்கு பேரில் மூவருக்குத் தெரியும். லென்ஸின் நெற்றியில் குங்குமம் இருப்பது ஒருவருக்கும் வினோதமாகப் படவில்லை. புதுப் பொருள், பொட்டு இருக்கத்தானே வேண்டும்? உலகத்தில் வேறெந்தப் படக்குழுவிலும் ஒருவராவது 'கண்ணாடியில் ஏதோ ஒட்டியிருக்கிறது' என்று சொல்லியிருப்பார். என் குழு கும்பிட்டது. அதைப் பார்க்காத ஒரே ஆள் கமராவுக்குப் பின்னால் நின்றவன்.

நூலகம் அதிரச் சிரித்தார்கள். ஹெலன் ஓடிவந்து என்னவென்று கேட்டார். "ஃபேமிலி ஜோக்," என்றாள் நிலானி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. ஹெலனும் சிரித்துவிட்டு, சூரியனை மிகவும் விரும்புவதாக என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரில் ஒரு விசாரணை நடந்தது.

"அப்பா, ஜஸ்ட் லீவ் இட்," என்றாள் நிலானி. "நோபடி நோஸ்."

"ஊருக்கே தெரியும்," என்றேன்.

"எங்கட ஊருக்குத்தானே தெரியும். அவங்களுக்குத் தெரியாதே."

"சாமிக்கு வைச்சது என்னெண்டு கள்ளமாகும்?" என்றார் இந்திராணி. "படம் வடிவாத்தானே கிடக்கு. விடுங்கோ."

விட்டுவிடலாம்தான். அந்த அட்டை இன்னும் ஒரு மாதம் அங்கே இருக்கும். என் பெயர் இருக்கும். ஆனால் அன்றிரவு படுக்கையில் கிடந்து கண்ணை மூடினால் விதி ஏழு, பிரிவு ஆ தான் கூரையில் எரிந்தது. மனிதர் கையால் சேர்க்கப்பட்ட எந்தப் பொருளும். நானே மொழிபெயர்த்த சொற்கள். வாழ்நாள் முழுவதும் மற்றவர்களின் விண்ணப்பங்களை இப்படிப்பட்ட ஒரு சொல்லுக்காகத் திருப்பி அனுப்பியவன் நான். எனக்கு வந்ததும் விட்டுவிட்டால், அந்த ஆயிரம் கடிதங்களின் அடியில் இருந்த பெயருக்கு என்ன மதிப்பு? மறுநாள் காலை, என்மேல் நானே முறைப்பாடு எழுதினேன்.

அருமையான முறைப்பாடு அது. பின்னணி, நிகழ்வு, சம்பந்தப்பட்ட விதி, கோரும் தீர்வு என்று தலைப்புகள். இணைப்பாக நான்கு திசைச் சூரியன்களும், சப்பாத்துச் சூரியனும். படத்தை நீக்கும்படி கேட்டு முடித்திருந்தேன். (அனுப்பு பொத்தானை அழுத்தியதும், 'பரவாயில்லை, இருக்கட்டும்' என்று பதில் வராதா என்று மனம் அடித்துக்கொண்டது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.)

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. 'உங்கள் கடிதம் கிடைத்தது. தகுந்த காலத்தில் பதில் அளிக்கப்படும்.'

அந்த வாக்கியத்தை எனக்குத் தெரியும். அதன் அப்பா அம்மாவைத் தெரியும். என் காலத்தில் அதன் உடன்பிறப்புகளைப் பல கையேடுகளில் நானே பெற்றெடுத்திருக்கிறேன். 'தகுந்த காலம்' என்பதற்கு நாங்கள் வேண்டுமென்றேதான் அளவு போடவில்லை. அது கிடைக்கும் ஆளை என்ன செய்யும் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தெரிந்துகொண்டேன்.

படம் நீக்கப்படவில்லை. கண்காட்சி முடிந்தது, முடிந்த பிறகு என் படத்தை நூலக வாசல் பக்கம் மாற்றி மாட்டினார்கள். நினைவூட்டல் அனுப்பினேன். தகுந்த காலத்தில் என்றார்கள். நேரில் போனேன். அது தன் பிரிவு அல்ல என்று ஹெலன் வருத்தத்தோடு சொன்னார். நத்தார் விடுமுறை வந்தது, கோடை வந்தது, தைப்பொங்கல் வந்தது. நான் குற்றவாளியும் அல்ல, நிரபராதியும் அல்ல. நூலகத்துக்குப் போகும்போதெல்லாம் அந்த வாசலைத் தவிர்த்துப் பின் கதவால் போனேன்.

வீட்டில் இந்த இடைக்காலத்தை வீணாக்கவில்லை. மெல்பேர்ண் வானம் மூடிக் கிடந்தால், "அம்மா, சன் போடுங்கோ," என்று நிலானி தொலைபேசியில் சொல்கிறாள். யாருக்காவது புதுக் கார் வந்தால், முன் கண்ணாடியில் பொட்டு வைக்க இந்திராணியை விடாதே என்று ஒருவரையொருவர் எச்சரிக்கிறார்கள். என் மருமகன், நல்ல பிள்ளை, இங்கே பிறந்து வளர்ந்தவன், தமிழ் அரைகுறை, அவன்கூட யாராவது திசை கேட்டால், "வேர் இஸ் த சன்? ஆஸ்க் மாமி," என்கிறான். ரீச்சர் தன் முதியோர் வகுப்பில் புவியியல் பாடத்துக்கு என் படத்தையே உதாரணமாகக் காட்டுகிறாராம்.

இறுதியில் பதில் வந்தது. கையெழுத்திட்ட, முறையான, இரண்டு பத்திக் கடிதம். என் முறைப்பாட்டைக் குழு கவனமாகப் பரிசீலித்ததாம். விதி ஏழு, பிரிவு ஆ மீறப்பட்டது உண்மையாம். ஆனால், மறுபக்கத்தில் உள்ள பிரிவு இ-யின்படி, ஒருவர் கையால் ஒன்று சேர்க்கப்பட்டிருந்தால் அவருடைய பெயரையும் சேர்த்து அதைக் கூட்டுப் படைப்பாகக் காட்டலாமாம். மறுபக்கம்! நான் முன்பக்கத்தை மட்டும்தான் மொழிபெயர்த்து, அச்சடித்து, உறை போட்டிருந்தேன். படத்தை நூலகம் நிரந்தரமாக வைத்துக்கொள்ள விரும்புகிறதாம். புதிய அட்டைக்காக, சூரியனைச் செய்தவரின் முழுப்பெயரை அறியத் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். பெயர்கள் அகரவரிசையில் வருமாம்.

நான் கடிதத்தை இந்திராணியிடம் நீட்டினேன். அவர் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, நிதானமாக, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து வாசித்தார்.

"அகரவரிசை எண்டா 'இ' முன்னுக்கோ, 'சி' முன்னுக்கோ?" என்று கேட்டார், ஒன்றும் தெரியாதவர்போல.

என் பெயர் சிவபாதம். மேசைக்குப் போய், பதிலில் அவருடைய பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதினேன். கடிதத்தின் மேல் மூலையில் இருந்த திகதியையும், வழக்கம்போல, குறித்துக்கொண்டேன். இந்த நாட்டில் நிதியாண்டு முடியும் நாளன்றுதான் அலுவலகங்கள் தட்டில் கிடப்பதையெல்லாம் தள்ளிவிடும். நானும் அப்படித்தான் செய்துவந்தேன். ஜூன் முப்பது.